மலையில் ஸ்டார்ட் லைன்: கிளட்ச் காலும் கியர் கையும்

கீழ்நாட்டிலிருந்து ஏறி வரும் கார் நுவரெலியாவில் போட்டியின் முதல் ஓட்டத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் ஏமாற்றும். கொடி விழும், கிளட்ச் விடுபடும், டயர் கத்த வேண்டிய நேரத்தில் என்ஜின் முனகிக்கொண்டு 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடும். ஓட்டியவர் இறங்கி வந்து பிளக்கைத் திட்டுவார், பெற்றோலைத் திட்டுவார், கடைசியில் கராஜ் பாஸைத் திட்டுவார். பிழை இவை எதிலும் இல்லை. கீழ்நாட்டுக் கட்டுக்குருந்த ஓடுபாதையில் பழகிய கால், பழகியபடியே இங்கும் கிளட்ச்சை விட்டிருக்கிறது.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. குளிர் காற்று கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தாலும், காற்றை அமுக்கிக் கொடுக்கும் டேர்போ இல்லாத என்ஜின் 16, 17 வீத இழுவையை இழந்துதான் நிற்கும். 160 குதிரைவலு என்று பெயர் வாங்கிய ஹொண்டா பி16 என்ஜினிடம் மிஞ்சுவது 135க்குக் கிட்ட. தியத்தலாவை, பண்டாரவளை உயரத்தில் இழப்பு இதைவிடக் குறைவு, ஆனால் அங்கும் அது காலில் தெரியும். காரின் எடை குறைவதில்லை, காய்ந்த றோட்டில் டயரின் பிடி குறைவதில்லை, கிளட்ச் பிளேட்டின் பிடியும் குறைவதில்லை. என்ஜின் மட்டும் மெலிந்திருக்கிறது. ஆகவே கீழே டயரைச் சுழற்றிய அதே கால் வேகம், மேலே என்ஜினை அமுக்கிவிடுகிறது.

இதிலிருந்து பலர் தவறான முடிவுக்குப் போகிறார்கள். "மேல கார் இழுக்காது, அதனால நேரத்தோட கியர் மாத்து" என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். டேர்போ இல்லாத என்ஜினில் இது பிழை. உயரம் இழுவையை எல்லா ஆர்.பி.எம்.மிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைக்கிறது. இழுவையைக் காட்டும் கோடு முழுதாகக் கீழே இறங்குகிறதே தவிர அதன் வடிவம் மாறுவதில்லை. கீழே 8,000இல் கியர் மாற்றுவது சரியென்றால் மேலேயும் 8,000தான். மாற வேண்டியது ஸ்டார்ட். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர் கிளட்ச்சையும் எரிப்பார், நேரத்தையும் இழப்பார்.

ஸ்டார்ட்டுக்கு முன்னால் பெடல். ஆசனத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பாதிப் பிழை. கிளட்ச்சைத் தரைவரை மிதித்த பின்னும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். குதிகால் தரையில் இருக்க வேண்டும். விடும்போது வேலை செய்ய வேண்டியது கணுக்கால், தொடை அல்ல. தொடையால் தூக்கி விடுபவருக்கு ஐந்து மில்லிமீற்றர் அசைவைக் கட்டுப்படுத்த வராது. அடி மெல்லிய சப்பாத்துப் போடுங்கள். செருப்போடு ஸ்டார்ட் லைனுக்கு வருபவரோடு பேசிப் பயனில்லை.

பிளேட் பிடிக்கும் இடத்தைக் காலுக்குப் பழக்குவது காசில்லாத பயிற்சி. சமமான இடம், சூடேறிய என்ஜின், முதலாம் கியர். எக்ஸலேட்டரைத் தொடாமல், முள் 100, 150 ஆர்.பி.எம். இறங்கும்வரை பெடலை மெதுவாக விடுங்கள். இறங்கியதும் உடனே திரும்ப மிதியுங்கள். இருபது முறை. பிறகு முள்ளைப் பார்க்காமல், சத்தத்தை மட்டும் கேட்டு இருபது முறை. அதன்பிறகு ஒரு ஓட்டம் ஓடி, சூடேறிய கிளட்ச்சில் மறுபடி. பிடிக்கும் இடம் நகர்ந்திருப்பது தெரியும். போட்டியில் நீங்கள் சந்திக்கப்போவது இந்த நகர்ந்த இடத்தைத்தான். காலையில் கராஜில் கண்டுபிடித்த இடத்தை அல்ல.

தோட்டத்துக் கொழுந்து லொறியிலும் டிரக்டரிலும் ஓட்டப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. மேட்டில் பாரத்தோடு நின்ற வண்டியை ஒரு அங்குலம் பின்னே உருளவிடாமல் எடுக்கும் கால் அவர்களுடையது. நகரத்தில் பழகியவருக்கு அது வர வருடம் ஆகும். ஆனால் அதே கால் ஓடும்போதும் பெடலில் சாய்ந்தே கிடக்கும். அந்தச் சின்னச் சாய்வு, கிளட்ச்சை விடுவிக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை எப்போதும் சுழல வைக்கும், கிளட்ச் பிளேட்டை அமுக்கிப் பிடிக்கும் பிரெஷர் பிளேட்டின் அழுத்தத்தைக் கொஞ்சம் தின்னும். லொறி அதைப் பொறுக்கும். 8,000இல் வேலை செய்யும் பிளேட் பொறுக்காது. ஸ்டார்ட் முடிந்ததும் இடது காலைப் பெடலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைப்பதைத் தனியாகப் பழக வேண்டும்.

பெடலின் மேல் முனையில் சிறு விளையாட்டு கட்டாயம். விரலால் தள்ளினால் பாரமில்லாமல் ஒரு சென்ரிமீற்றர் அளவு அசைய வேண்டும். சரியான அளவு காரின் கைப்புத்தகத்தில் இருக்கும். அது இல்லையென்றால் பேரிங், பிரெஷர் பிளேட்டுக்குப் பலம் கொடுக்கும் டயஃப்ரம் ஸ்பிரிங்கை எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கிறது, புதுப் பிளேட்டும் வழுக்கும். கேபிள் கிளட்ச் உள்ள பழைய மாருதியில் பிளேட் தேயத்தேய இந்த விளையாட்டு குறையும். மாதம் ஒருமுறை நட்டைத் திருப்பிப் பாருங்கள்.

பெடலின் கீழ் முனையில் ஒரு ஸ்டொப்பர் போடுவது நல்லது. பெடலுக்குப் பின்னால் தரையில் நிற்கும் ஒரு போல்ட், அதன் தலையில் ஒரு ரப்பர். கால் வீணாகத் தரைவரை போகாது, டயஃப்ரம் விரல்களும் தேவைக்கு மேல் வளையாது. ஆனால் இதைக் கண்டபடி உயர்த்திவிட்டு, மூன்றாம் கியரின் சிங்க்ரோவை, அதாவது வேகத்தைச் சமப்படுத்திக் கியரைச் சேர்க்கும் பித்தளை வளையத்தை, தின்னக் கொடுத்தவர்கள் பலர். பிளேட் முழுதாக விடுபடும் இடத்துக்கு அப்பால் இன்னும் 10, 12 மி.மீ. மிச்சம் வையுங்கள். சோதனை எளிது: முன்னால் ஆளில்லாத சமதரையில் முதலாம் கியர் போட்டு, ஸ்டொப்பர்வரை மிதித்து, 6,000வரை ரேஸ் பண்ணுங்கள். கார் ஒரு அங்குலம் நகரத் துடித்தாலும் ஸ்டொப்பர் உயரம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஹைட்ரோலிக் கிளட்ச்சில் டொட் 4 திரவத்தை வருடம் ஒருமுறை மாற்றுங்கள். நுவரெலியாவின் ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய திரவம் சூட்டில் குமிழி விடும், பெடல் பஞ்சாகிவிடும். கடைசி ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொருவரை மிதிக்கச் சொல்லுங்கள். கைக்குள் ஹோஸ் ஊதிப் பருப்பது தெரிந்தால், பிளேட்டுக்குப் போக வேண்டிய அசைவில் ஒரு பங்கு அந்த ரப்பருக்குள்ளேயே செலவாகிறது. "கியர் விழுதில்ல" என்று கியர் பொக்ஸை இறக்கச் சொல்லும் கார்களில் கணிசமானவற்றின் நோய் இந்த ஹோஸும், பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும்தான். முதலில் மலிவானதைப் பாருங்கள்.

இனி ஸ்டார்ட்டின் அந்த ஒன்றரைச் செக்கன்.

1,600 சி.சி., முன்சக்கர இழுவை, றோட்டு டயர், காய்ந்த தரை: கீழ்நாட்டில் 4,000 முதல் 4,500 ஆர்.பி.எம்.மில் விட்டால் போதும். நுவரெலியாவில் அதே காருக்கு 4,800 முதல் 5,200. என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரமான பிளைவீலுக்கு உயரம் தெரியாது; அது சேமித்து வைத்திருக்கும் சக்தி சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. என்ஜின் கொடுக்காததைப் பிளைவீலிடம் கடன் வாங்குவதுதான் இந்த 500, 700 ஆர்.பி.எம். கூடுதல். இலேசாக்கிய பிளைவீல் போட்டவரிடம் இந்தக் கடனும் குறைவு. கீழே சந்தோஷமாக ரேஸ் ஏறிய அதே கார் மேலே முதல் ஆளாக அமுங்கும். அவருக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். நாற்சக்கர இழுவை டேர்போ கார்களில் டயர் சுழலாது, ஆகவே வழுக்க வேண்டிய முழு வேலையும் கிளட்ச் தலையில் விழுகிறது. டேர்போவின் அழுத்தமான பூஸ்ட் ஏறும்வரை பிளேட்டை வழுக்கவிடுவதைத் தவிர வழியில்லை, அதனால்தான் அவர்கள் ஒரு சீசனில் இரண்டு பிளேட் முடிக்கிறார்கள்.

கொடிக்கு முன் முதலாம் கியரைப் போட்டு வையுங்கள். போடும்போது கியர் முரண்டினால் இரண்டாவதைத் தொட்டுவிட்டு முதலாவதுக்கு வாருங்கள். ஹேன்ட் பிரேக் இரண்டு, மூன்று கிளிக். ஆர்.பி.எம்.மை ஏற்றி நிலையாகப் பிடியுங்கள். முள் மேலும் கீழும் ஆடினால் ஒவ்வொரு ஓட்டமும் வேறு வேறாக இருக்கும், எதையும் திருத்த முடியாது. பெடலைப் பிடிக்கும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்பு வரை கொண்டுவாருங்கள். காரின் மூக்கு சற்று எழும்பினால் தொட்டுவிட்டீர்கள், திரும்ப அழுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு செக்கனுக்கு மேல் நிற்காதீர்கள்.

கொடி. பெடலின் முதல் பகுதி ஏற்கெனவே முடிந்திருக்கிறது, ஆகவே கணுக்கால் செய்ய வேண்டியது ஒரு சிறு விடுதல், பிறகு ஒரு நிறுத்தம். இந்த நிறுத்தம்தான் கலை. கால் அசையாமல் நிற்கிறது, பிளேட் வழுக்குகிறது, கார் முன்னே போகிறது, ஆர்.பி.எம். முள் கொஞ்சம் இறங்கி அங்கேயே தொங்குகிறது. ஒரு செக்கன். சில நேரம் ஒன்றேகால். வலது கால் இதே நேரத்தில் தரையைத் தேடிப் போகிறது, ஆனால் அடிக்காமல். என்ஜின் வேகமும் சக்கர வேகமும் சந்திக்கும் இடத்தில் உடம்பில் ஒரு சிறு உந்தல் தெரியும். அப்போது மீதிப் பெடலை முழுதாக விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் விட்டால் என்ஜின் அமுங்கும், இல்லாவிட்டால் டயர் சுழலும். பின்னால் விட்டால் வெறும் சூடு.

ஒரேயடியாகக் காலை எடுப்பவர்களைப் பற்றி: முன்சக்கர இழுவைக் காரில் டயர் பிடித்து விட்டு, பிடித்து விட்டு என்று துள்ளத் தொடங்கினால் டிரைவ் ஷாஃப்ட்டின் சி.வி. ஜொயின்ட்டும் கியர் பொக்ஸின் டிஃபரென்ஷலும் மாறி மாறிச் சம்மட்டி அடி வாங்குகின்றன. துள்ளல் தொடங்கிய அந்த நொடியில் எக்ஸலேட்டரைக் கால்வாசி விடுங்கள். அடித்துத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தால் போட்டி முடிந்து ஷாஃப்ட்டைக் கையில் தூக்கிக்கொண்டுதான் போவீர்கள்.

மூன்று மீற்றருக்கு மேல் டயர் சுழன்றால் அடுத்த ஓட்டத்தில் 300 ஆர்.பி.எம். குறையுங்கள். அமுங்கினால் 300 கூட்டுங்கள். ஒரு ஓட்டத்தில் ஒரு மாற்றம் மட்டும். டயர் காற்றையும் ஆர்.பி.எம்.மையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. ஃபோனைக் காருக்குள் வைத்து வீடியோ எடுங்கள். பார்ப்பதற்கு அல்ல, கேட்பதற்கு. என்ஜின் சத்தம் இறங்கிய ஆழமும் அது தொங்கிய நேரமும் ஒலியில் தெளிவாக இருக்கும். முதல் 18 மீற்றரை, அதாவது 60 அடியை, தனியாக அளக்க முடிந்தால் இன்னும் நல்லது. அங்கே மிச்சம் பிடித்த 0.1 செக்கன் 400 மீற்றர் முடிவில் ஏறக்குறைய 0.15 ஆக வளர்ந்து நிற்கும்.

டயர் காற்றில் ஒரு வேடிக்கை உண்டு. கொழும்பில் 30 பாகை வெயிலில் 30 பி.எஸ்.ஐ. அடித்த டயர், நுவரெலியா விடியலில் 12 பாகையிலும் 30தான் காட்டும். குளிர் மூன்றைக் குறைக்கிறது, வெளிக்காற்றின் மெலிவு மூன்றைக் கூட்டிக் காட்டுகிறது. வெயில் ஏறி டயர் 40 பாகைக்குச் சூடாகும்போது அது 34ஐத் தாண்டிவிடும். காலையில் பிடித்த டயர் பத்து மணிக்கு ஏன் வழுக்குகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் கேஜ் வைத்துப் பாருங்கள். நேர்க்கோட்டு ஓட்டத்துக்கு முன் டயரில் 24, 26 வரை இறக்கலாம். வளைவுகள் உள்ள மலையேற்றத்தில் அவ்வளவு இறக்கினால் டயர் ரிம்மில் உருளும்.

சூட்டைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஓட்டுபவரோடு சேர்த்து 1,100 கிலோ உள்ள கார், 5,000 ஆர்.பி.எம்.மைப் பிடித்தபடி முதலாம் கியரில் கிளட்ச் பூட்டும்போது வேகம் மணிக்கு 40 கி.மீ.க்குக் கிட்ட. அந்த நேரத்தில் காருக்குக் கிடைத்த இயக்கச் சக்தி சுமார் 66 கிலோஜூல். அதே அளவு, இன்னொரு 66 கிலோஜூல், கிளட்ச்சுக்குள் சூடாக இறங்கியிருக்கும். பத்து வீதச் சரிவில் மேல்நோக்கிப் புறப்பட்டால் கதை மாறும்: காரின் முடுக்கத்தில் கால்வாசியைப் புவியீர்ப்பு பிடுங்கிக்கொள்கிறது, வழுக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்கு நீள்கிறது, சூடு 88 கிலோஜூலுக்கு ஏறுகிறது. இதெல்லாம் முதலில் போய் உட்காருவது பிளேட்டின் முகத்திலும் பிளைவீலின் மேல்தோலிலும். தடித்த இரும்புக்குள் பரவ நிமிடங்கள் வேண்டும். சமதரையில் ஐந்து ஸ்டார்ட் தாங்கும் கிளட்ச், மலையேற்றப் போட்டி நடக்கும் மகாகஸ்தோட்டை போன்ற ஏற்றத்தில் மூன்றாவதிலேயே மணக்கத் தொடங்குவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

மணம் வந்த பிறகு பலர் செய்வது நேர் எதிரான காரியம். காரை நிறுத்தி, கிளட்ச்சை மிதித்தபடி, என்ஜினை ஓடவிட்டு, நண்பர்களோடு பேசுவார்கள். சூடான பிளேட் அசையாமல் நின்று, சூடான பிரெஷர் பிளேட் ஒரு பக்கமாக வளைகிறது. அடுத்த ஸ்டார்ட்டில் கார் நடுங்கும். அதற்குப் பதில், இரண்டாம் கியரில் பெடலைத் தொடாமல் நான்கைந்து நிமிடம் மெதுவாக உருளுங்கள். கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுஸிங்குக்குள் காற்று ஓடட்டும். இரண்டு ஸ்டார்ட்டுக்கு இடையில் இருபது நிமிடம் கிடைத்தால் வீணாக்காதீர்கள்.

ஏற்றத்தில் புறப்படும்போது முன்சக்கர இழுவைக்காரர்களுக்கு இன்னொரு கஷ்டம். பாரம் பின்னே போகிறது, இழுக்கும் சக்கரம் இலேசாகிறது. ஆகவே ஆர்.பி.எம்.மைக் கூட்டினால் டயர் சுழலும், குறைத்தால் என்ஜின் அமுங்கும். இடையில் உள்ள கதவு குறுகியது. குறைந்த பக்கத்தைத் தேர்ந்து, நீண்ட நேரம் வழுக்கவிட்டு, சூட்டை ஏற்றுக்கொள்வதே வழி. கே.பி.61 ஸ்டார்லெட் போன்ற பின்சக்கர இழுவைப் பழைய கார்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொண்டு போகும். பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்துப் பிடித்தால் ஹேன்ட் பிரேக்கை மறந்துவிடலாம். கால் செய்ய வேண்டிய வேலையில் ஒன்று குறைகிறது.

கியர் கைக்கு வருவோம். எஸ்4சி என்று அழைக்கப்படும் ஹொண்டா கியர் பொக்ஸின் விகிதங்கள் 3.230, 2.105, 1.458, 1.107, 0.848, இறுதி விகிதம் 4.400. 195/55 ஆர்15 டயரில் 8,000 ஆர்.பி.எம். என்பது முதலாவதில் மணிக்கு 63 கி.மீ., இரண்டாவதில் 97, மூன்றாவதில் 140. 8,000இல் மாற்றினால் இரண்டாவது 5,210இல் விழும், மூன்றாவது 5,540இல், நான்காவது 6,070இல். பி16இல் வீடெக், அதாவது உயர் ஆர்.பி.எம்.மில் வால்வுகளைக் கூடுதலாகத் திறந்து பலம் தரும் ஏற்பாடு, திறப்பது 5,500க்குச் சுற்றுவட்டாரம். இந்த எண்களைப் பாருங்கள்: இரண்டிலிருந்து மூன்றுக்கு 8,000இல் போனால் வீடெக் வாசலிலேயே விழுகிறீர்கள். 7,500இல் போனால் 5,195, வாசலுக்கு வெளியே. மலையில் என்ஜின் 5,200இலிருந்து 5,500க்கு ஏற எடுக்கும் நேரம் கீழே எடுப்பதைவிட நீளம். "நேரத்தோட மாத்து" என்ற புத்திமதி இந்த என்ஜினுக்கு இரட்டைத் தண்டனை. ஒன்றிலிருந்து இரண்டுக்கு எப்படியும் கொஞ்சம் கீழேதான் விழும். அங்கே சிவப்புக் கோடுவரை போவதைத் தவிர மருந்தில்லை. உங்கள் கார் வேறென்றால், அடுத்த கியரின் விகிதத்தை இப்போதைய கியரின் விகிதத்தால் வகுத்து, மாற்றும் ஆர்.பி.எம்.மால் பெருக்குங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள்.

டேர்போக்காரர் இந்தப் பத்தியை அப்படியே எடுக்கக்கூடாது. மெலிந்த காற்றில் பூஸ்ட் தாமதமாக ஏறும், உச்சியில் டேர்போ மூச்சு வாங்கும். அவருடைய கோட்டின் வடிவமே மாறும்.

கியர் மாற்றும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்தவை. அவர்கள் இடப்பக்கம் இருந்து வலது கையால் மாற்றுகிறார்கள். நமக்கு இடது கை. அவர்கள் காட்டும் உள்ளங்கைத் திசையை அப்படியே பின்பற்றினால் கியர் தலைகீழாகும். நம் கையின் இயல்பான பிழை, இழுக்கும்போதும் தள்ளும்போதும் குமிழை நம் உடம்புப் பக்கம் சாய்ப்பது. இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது அது ஐந்தாவதுக்குப் போய்விடும். என்ஜின் உடையாது, ஓட்டம் மட்டும் செத்துப்போகும்.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு: பெருவிரல் கீழ்நோக்கி, உள்ளங்கை பக்கத்து ஆசனத்தைப் பார்த்து, குமிழை நம் பக்கத்திலிருந்து கொக்கி போட்டு நேராகப் பின்னே இழுங்கள். சற்று இடது அழுத்தம் இருக்கட்டும். இரண்டிலிருந்து மூன்றுக்கு: கையைத் திறந்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் நேர் முன்னே தள்ளுங்கள். பக்கத்துக்குத் தள்ளவே வேண்டாம். நடுவில் வந்ததும் கியர் பொக்ஸின் ஸ்பிரிங்கே குமிழை நடுக்கோட்டுக்குக் கொண்டுவரும். குமிழை இறுக்கிப் பிடிப்பவர் அந்த ஸ்பிரிங்கோடு சண்டை பிடிக்கிறார். மூன்றிலிருந்து நான்குக்கு: பெருவிரல் மேலே, உள்ளங்கை நம்மைப் பார்த்து, விரல்களால் அந்தப் பக்கத்திலிருந்து கொக்கி போட்டு இழுங்கள். இங்கே இடப்பக்கம் தள்ளிவிட்டால் விழுவது இரண்டாவது. 140 கி.மீ. வேகத்தில் இரண்டாம் கியர் என்றால் என்ஜின் 11,500. வால்வு பிஸ்டனில் முட்டும். கிளட்ச்சை உடனே மிதித்தாலும் வேலை முடிந்திருக்கும்.

கியர் உள்ளே போகாமல் கரகரத்தால் பலவந்தம் செய்யாதீர்கள். கையை எடுங்கள், குமிழ் நடுவுக்கு வரட்டும், மறுபடி தள்ளுங்கள். ஒரு செக்கன் போகும். போட்டி முழுதும் ஒரே கியர் முரண்டு பிடித்தால் சிங்க்ரோவைச் சந்தேகிக்கும் முன் என்ஜின் மவுண்ட்டைப் பாருங்கள். ரப்பர் கிழிந்த மவுண்ட்டில் என்ஜின் முழுப் பலத்தில் சாயும்போது குமிழிலிருந்து பொக்ஸுக்குப் போகும் கியர் ரொட்டும் சேர்ந்து இழுபடும். நிற்கும்போது வெண்ணெயாக விழும் மூன்றாவது, ஓட்டத்தில் கதவைச் சாத்திக்கொள்ளும். ரொட்டின் முனைப் புஷ்களும் அதே குடும்பம்.

கிளட்ச்சும் எக்ஸலேட்டரும் கையும் எந்த ஒழுங்கில்? குமிழில் முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தம் கொடுத்து வைத்து, வலது காலை முழுதாக விடாமல் கால்வாசிக்குத் தளர்த்தும் அதே கணத்தில் கிளட்ச்சை ஸ்டொப்பர்வரை குத்துங்கள். கியர் தானாக விடுபடும், அடுத்ததில் விழும், கால் எழும். எக்ஸலேட்டரைத் தளர்த்தாமலே மாற்றும் முறை உண்டு. கிளட்ச் சுவிட்ச்சோடு பற்றவைப்பை வெட்டும் கருவி உள்ள கார்களுக்கு அது. சாதாரண சிங்க்ரோ கியர் பொக்ஸில் அதைச் செய்தால் பித்தளை வளையங்கள் ஒரு சீசனில் பல் இழந்துவிடும். 100 கி.மீ. வேகத்தில் 0.4 செக்கன் என்றால் என்ஜின் இழுக்காமல் 11 மீற்றர் போகிறது. பத்து வீத ஏற்றத்தில் அதே 0.4 செக்கனில் வேகமும் மணிக்கு 1.4 கி.மீ. குறைகிறது. சமதரையில் மறைந்துகொள்ளும் சோம்பல் கை, ஏற்றத்தில் மாட்டிக்கொள்ளும்.

மாற்றாமல் விட வேண்டிய இடமும் உண்டு. சிவப்புக் கோட்டைத் தொடும்போது முடிவுக்கோடோ, பிரேக் பிடிக்க வேண்டிய வளைவோ இன்னும் அரைச் செக்கன் தூரத்தில்தான் என்றால் அதே கியரில் இருங்கள். 140இல் அரைச் செக்கன் என்பது 20 மீற்றர். அதற்கு மேல் என்றால் மாற்றுவதே இலாபம். 195/50 டயர் போட்டவருக்கு மூன்றாவது 135இலேயே முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

விடியல் குளிரில் கியர் பொக்ஸ் ஒயில் கூழாக இருக்கும். என்ஜினை நின்ற இடத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டாலும் கியர் பொக்ஸ் ஒழுங்காகச் சூடேறாது. பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டினால்தான் சூடேறும். அதற்கு முன் இரண்டாவது முரண்டினால் அது நோயல்ல. பித்தளைச் சிங்க்ரோ உள்ள பொக்ஸுக்கு ஜி.எல். 4 ஒயில்; பின் அச்சுக்கு ஊற்றும் ஜி.எல். 5ஐ "தடிப்பா இருக்கு, நல்லது" என்று ஊற்றாதீர்கள். ஏப்ரலில் பிற்பகல் மழை அடிக்கடி வரும். நனைந்த றோட்டில் 3,000க்கு இறங்குங்கள், வழுக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். எண்ணிக்கையை அல்ல, காலின் மென்மையை நம்புங்கள். இதையெல்லாம் பழக ரதெல்ல குறுக்கு வீதியும் ஹட்டன் வீதியும் இடமல்ல. அனுமதி வாங்கிய மூடிய இடத்தில் 20 மீற்றர் போதும். ஸ்டார்ட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

பிளேட் தேர்வில் எங்கள் கருத்து பலருக்குப் பிடிக்காது. செரமிக் துண்டுப் பிளேட் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைவரை போகிறார்கள். அது சூட்டைத் தாங்கும், ஆனால் குளிரில் பிடித்தால் பிடி, விட்டால் விடு. மேலே சொன்ன அந்த ஒரு செக்கன் நிறுத்தம் அதில் கிடையாது. அதே காரில் வீட்டுக்குத் திரும்பும் ஒருவருக்கு, சாதாரண ஓர்கானிக் பிளேட்டும் சற்றுப் பலமான பிரெஷர் பிளேட்டும் போதும்.

பொக்ஸை இறக்கினால் பிளைவீல் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நீலமும் கருமையுமாகப் பொட்டுப் பொட்டாக இருந்தால் அங்கே இரும்பு கடினமாகி இருக்கிறது. மணல் தாளால் தேய்த்தால் நிறம் போகும், கடினம் போகாது. லேத்தில் ஏற்றிச் சீவ வேண்டும். ரிவெட் தலைக்கும் பிளேட் முகத்துக்கும் 0.3 மி.மீ. கூட இல்லையென்றால் பிளேட் முடிந்தது. பின் ஒயில் சீலை மாற்றாமல் மூடாதீர்கள். ஒரு சொட்டு ஒயில் புதுப் பிளேட்டைக் கெடுக்கும். ஸ்பிளைனில் கிரீஸ் பூசிய பிறகு விரலால் வழித்தெடுங்கள், மிச்சமிருந்தால் அது பிளேட்டுக்குத்தான் பறக்கும். பிரெஷர் பிளேட் போல்ட்களைக் குறுக்குக் குறுக்காக, மூன்று தவணையில், கைப்புத்தக அளவுக்கு இறுக்குங்கள். பிறகு 500 முதல் 800 கி.மீ. சாதாரண ஓட்டம். அதற்குள் ஒரு ஸ்டார்ட் அடித்தால் பிளேட் முகம் கண்ணாடியாகிவிடும்.

போட்டி முடிந்து இறங்கும் முன் இரண்டு பரிசோதனை. வண்டி இல்லாத ஏற்றத்தில் நான்காவது கியரில் 40 கி.மீ.யில் எக்ஸலேட்டரை முழுதாக அழுத்துங்கள். வேகம் ஏறாமல் முள் மட்டும் ஏறினால் பிளேட் வழுக்குகிறது. அடுத்து, பொனட்டைத் திறந்து கிளட்ச் திரவத்தின் மட்டத்தையும், கிளட்ச் பக்கத்தில் அதைத் தள்ளும் சிலேவ் சிலிண்டர் ரப்பரின் அடியில் ஈரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். றம்பொடை இறக்கத்தில் நடுவழியில் பெடல் விழுந்தால் இரண்டாவதுக்கு மாற்ற முடியாது. முழுப் பாரமும் ஏற்கெனவே சூடேறிய பிரேக்கில் விழும். இரண்டில் ஒன்று தவறினாலும் காரை லொறியில் ஏற்றுங்கள்.